படத்தில் காட்டியுள்ளபடி

என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த கோடையில், இயற்பியலில் கஷ்டமான கணக்குகள் உள்ள புத்தகம் வாங்கித் தரச் சொன்னாள். பள்ளிப் பாடத்துக்காக அல்ல. பள்ளி மாணவர்களுக்கென்று அகில இந்திய அளவில் இயற்பியல் போட்டித் தேர்வு ஒன்று நடக்கிறதென்றும், பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் அதை எழுத முடியுமென்றும், அதில் தேறுகிறவர்களைக் கூட்டிப்போய்ச் சில வாரங்கள் தங்கவைத்து ஆராய்ச்சியாளர்களே பாடம் நடத்துவார்கள் என்றும் மேல் வகுப்புப் பெண் ஒருத்தி அவளிடம் சொல்லியிருந்தாள். அந்த முகாமுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. டாக்டர், இன்ஜினியர் என்றெல்லாம் அவள் பேசி நான் கேட்டதில்லை.

நான் தமிழாசிரியர். சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் எங்கள் வீடு. நடந்து போகிற தூரத்தில் நான் வேலை பார்த்த பள்ளி. மனைவி ராயப்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். எங்கள் குடும்பத்தில் ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு, ஆனால் எல்லோரும் தமிழும் வரலாறும் கிறிஸ்தவ மறைப்பாடமான ஞானோபதேசமும் சொல்லிக் கொடுத்தவர்கள். இயற்பியல் என்பது என்னைப் பொறுத்தவரை பத்தாம் வகுப்போடு விடைபெற்றுப் போன ஒன்று. எனவே புத்தகம் தேடப் போனபோது எதைத் தேடுகிறேன் என்றே எனக்குத் தெரியாது.

முதலில் லஸ் முனையில் பழைய புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார், டாக்டருக்கா, இன்ஜினியருக்கா? ரெண்டுக்கும் கீது" என்றார். இரண்டுக்கும் இல்லை, சும்மா கஷ்டமான கணக்கு வேண்டும் என்றேன். அவர் சற்று யோசித்து, இருப்பதிலேயே தடிமனான புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்தார். பிறகு தி.நகரில் மாடி வைத்த கடை ஒன்றில் இன்னொரு தடிமனான புத்தகம். இரண்டையும் அவள் ஒரே நாளில் புரட்டிவிட்டு மேசையில் வைத்தாள்.

"இதெல்லாம் ஃபார்முலாவுல நம்பரைப் போட்டா வந்துரும்ப்பா. யோசிக்க ஒண்ணுமே இல்ல."

"வேற எப்படி வேணும்?"

"ஒரு கணக்கு ரெண்டு நாள் தலைக்குள்ள சுத்தணும். அந்த மாதிரி."

அன்றிலிருந்து அந்த மாதிரிக் கணக்குகளைத் தேடுவது எங்கள் வீட்டின் வேலையாயிற்று. அவள் என் கைபேசியில் தேடிக் கண்டுபிடித்தவற்றில் பாதி, யாரோ புத்தகத்தைக் கோணலாகப் படம் பிடித்துப் போட்டவை. பக்கத்தின் ஓரத்தில் அந்த ஆளின் கட்டைவிரல் தெரியும். கேள்வி இருக்கும், விடை இருக்காது. விடை இருந்தால் வழி இருக்காது. அவளுக்கு அதுவே பிடித்திருந்தது. பிரின்ட் எடுக்கிற கடையில் என்னைப் பார்த்ததுமே மற்ற வேலையை நிறுத்திவிட்டு, "பொண்ணு அனுப்புச்சா சார்?" என்று கேட்பார்கள்.

நல்ல புத்தகங்கள் அடையாற்றில் கிடைத்தன. என்னோடு வேலை பார்த்த கணித ஆசிரியர் ஒருவர், காந்தி நகரில் ஒரு வீட்டில் பேராசிரியராக இருந்து காலமானவரின் புத்தகங்களைக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். மகளோடு போனேன். அந்த அம்மாள் அமெரிக்காவிலிருக்கும் மகனிடம் போவதற்காக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒரு பெட்டியில் பழைய ரஷ்யப் புத்தகங்கள், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டவை. தாள் பழுப்பேறியிருந்தது, பொடிப்பொடி எழுத்து. மகள் தரையிலேயே உட்கார்ந்து ஒன்றைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் எங்களை மறந்துபோனாள்.

அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்காத்துக்காரர் இதை யாரையும் தொட விடமாட்டார். நான் தூசி தட்டினாக்கூடக் கோவம் வரும். எடுத்துண்டு போம்மா. படிக்கிற கை அது" என்றார்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பினோம். அடையாறு பாலத்துக்கு முன்னால் சிக்னலில் வெகுநேரம் நின்றோம். மடியிலிருந்த புத்தகத்தை அவள் முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். எழுத்து சிறியது என்பதால்தான் என்று நினைத்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் பாதி ஆண்டு போனபோது, பிரின்ட் சரியில்லை என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தாள். கேள்வியில் எட்டு என்றிருப்பதை மூன்று என்று படித்துவிட்டு, ஒரு மாலை முழுக்கப் போராடிவிட்டு, விடை வராமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேசை விளக்கு மாற்றினோம். கண்ணாடி வாங்கினோம். கண்ணாடி போட்ட பிறகும் புத்தகத்தைச் சற்றுச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்க்கிறவள்போலத்தான் படித்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள். "நேராப் பாத்தா நடுவுல மட்டும் இல்லப்பா. சுத்தி எல்லாம் இருக்கு."

என் மனைவி சோற்றுக் கையோடு எழுந்து வந்து அவள் முகத்தைப் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அழகான, தெளிவான கண்கள்.

கண் மருத்துவமனையில் பல சோதனைகளுக்குப் பிறகு மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். விழித்திரையின் நடுப்பகுதி மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. ஓரப் பார்வை இருக்கும். நடப்பாள், பஸ் ஏறுவாள், தன் வேலையைத் தானே செய்துகொள்வாள். ஆனால் படிப்பது, எழுதுவது, எதிரே இருப்பவர் முகத்தை அடையாளம் காண்பது இதெல்லாம் குறைந்துகொண்டே வரும். இப்போதைக்கு இதற்கு மருந்து கிடையாது. தாய், தந்தை இருவரிடமும் ஒளிந்திருந்து, இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே பிள்ளைக்கு வருகிற குறை அது என்றார். யாரையும் குற்றம் சொல்லும் தொனியில் அவர் சொல்லவில்லை. திரும்பும் வழியில் மகள்தான் பேசினாள். பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்துப் பார்க்கலாம் என்றாள்.

பெரிய எழுத்து சில மாதங்களுக்கு உதவியது. பிறகு ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான் என்கிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஒரு சமன்பாட்டின் தொடக்கத்தைப் படித்து முடிவுக்குப் போவதற்குள் தொடக்கம் எங்கே போயிற்று என்று தேடினாள். பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியபோது அதுவும் முடியாமல் போயிற்று.

மனைவி அந்த நாட்களில் வேலைக்குப் போய்விட்டு வந்து, ஹைதராபாத்தில் ஒரு மருத்துவர், கோயம்புத்தூரில் ஒரு மருத்துவர் என்று தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே இருப்பார். புதன்கிழமை தவறாமல் நவநாள் ஜெபத்துக்குப் போவார். ஒருநாள் நான் கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பற்றி யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க புத்தகம் தேடுறீங்க. நான் டாக்டர் தேடுறேன். அவ கண்ணு போயிடுச்சுன்னு நீங்க முடிவே பண்ணிட்டீங்களா?" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் மகள் என்னிடம் கேட்டது புத்தகம்.

அந்த மென்பொருள் கதை, கட்டுரைகளை நன்றாக வாசித்தது. கணக்கை வாசித்தபோதுதான் கோளாறு. வர்க்கமூலக் குறியை அப்படியே விழுங்கிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சொல்லும். பின்னத்தில் மேலே எது, கீழே எது என்று தெரியாமல் ஒரே மூச்சில் ஒப்பிக்கும். அடையாற்றுப் பெட்டியிலிருந்த புத்தகங்களைப் படமெடுத்துப் போட்டால் ஒன்றுமே பேசாது.

நங்கநல்லூரில் பார்வையற்றவர்களுக்காக ஒரு சிறிய சங்கம் நடத்தி, பாடங்களைக் குரலில் பதிந்து கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை போனேன். பொறுப்பில் இருந்தவருக்கும் பார்வை இல்லை. வரலாறு, தமிழ், அரசியல், சட்டம், வங்கித் தேர்வுக்கான பொது அறிவு எல்லாம் இருப்பதாகச் சொன்னார். இயற்பியல் இருக்கிறதா என்று கேட்டேன். பள்ளிப் புத்தகம்கூட இல்லை என்றார். போட்டித் தேர்வுக் கணக்குகளைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், எங்க பசங்கள ஸ்கூல்லயே எட்டாவதோட கணக்க விட வெச்சுருவாங்க. அதுக்கு மேல யாரும் கேட்டு வந்ததில்ல. கேட்டாத்தான பதிய முடியும்?" என்றார். வெளியே வந்து ஆஞ்சநேயர் கோயில் வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் நின்றேன். அவ்வளவு பெரிய ஊரில் என் மகளுக்குத் தேவையான புத்தகம் ஒன்றுகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அப்படித்தான் நானே வாசிக்கத் தொடங்கினேன். பள்ளி விட்டு வந்து தேநீர் குடித்ததும் முன்னறையில் உட்காருவோம். எழுத்தை வாசிப்பது எளிது. எந்தக் குறிக்கு என்ன பெயர் என்பதை அவளிடமே கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஏறக்குறைய எல்லாக் கணக்கிலும் ஒரு சொற்றொடர் வந்துவிடும்: படத்தில் காட்டியுள்ளபடி. அங்கே நான் நின்றுவிடுவேன். பக்கத்தில் படம் இருக்கும். சரிவு, அதன்மேல் ஒரு பெட்டி, உச்சியில் கப்பி, கயிறு, கயிற்றின் மறுமுனையில் இன்னொரு பெட்டி. இதை வாயால் எப்படிச் சொல்வது?

"ஒரு மலைச்சரிவு மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"மாதிரி வேணாம்ப்பா. இடது பக்கம் உயரமா, வலது பக்கம் உயரமா?"

"வலது பக்கம்."

"கப்பி சரிவுல ஒட்டியிருக்கா, சுவத்துல ஒட்டியிருக்கா? சரிவே நகருமா?"

எனக்குத் தெரியவில்லை. படத்தை மறுபடி பார்த்தேன். கப்பி சரிவோடு ஒட்டியிருந்தது. அது அவ்வளவு முக்கியம் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. இத்தனை ஆண்டு வகுப்பில் வருணனையைப் புகழ்ந்து பேசியவன் நான். ஒரு சின்னக் கோட்டுப்படத்தைச் சொல்ல முடியாமல் திணறினேன். அவள் எரிச்சல்படுவாள், சில மாலைகளில் எழுந்துபோய்விடுவாள். திரும்ப வந்து உட்காருவாள். மெல்ல எனக்கு ஒரு வழி பிடிபட்டது. முதலில் மொத்தம் எத்தனை பொருள் என்று சொல்ல வேண்டும். பிறகு எது எதைத் தொடுகிறது. பிறகு எது நகரும், எது நகராது. கடைசியில் எழுத்துகள், கோணங்கள். அழகுபடுத்தும் சொல் ஒன்றுகூட வரக் கூடாது. வாசித்ததை எல்லாம் அவள் மறுபடி கேட்பதற்காகக் கைபேசியில் பதிவு செய்தோம்.

மின்சுற்றுப் படங்களுக்கு இந்த வழி போதவில்லை. கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். சொல்லச் சொல்ல எனக்கே குழம்பும். ஒரு மாலை அப்படி இருவரும் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தோம். வேலை முடிந்து வந்த மனைவி, முகம் கழுவிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் நின்று புத்தகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் சுருளும் கத்தரிக்கோலும் காலண்டர் அட்டையும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தார். பிளாஸ்டரை மெல்லிய கீற்றுகளாக வெட்டி, படத்தைப் பார்த்துப் பார்த்து அட்டையில் ஒட்டினார். படத்தில் மின்தடைக் குறி வருகிற இடத்தில் வெண்டைக்காய் விதை போல எதையோ வைத்து ஒட்டினார். கிட்டத்தில் பார்த்தபோது அது மிளகு. அட்டையை மகள் மடியில் வைத்தார். அவள் விரல்கள் அதன்மேல் போயின. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு, திரும்பி, கிளை பிரிந்து.

"அம்மா, இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. நடுக் கம்பில கரண்ட்டே போகாது" என்றாள். அவள் சிரித்தாள். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அட்டைகள் செய்தார். மருத்துவர்களைத் தேடுவதையும் அவர் விடவில்லை.

ஏணிக் கணக்கு ஒன்று நினைவிருக்கிறது. வழுக்கும் சுவரில் சாத்திய ஏணி, வழுக்கும் தரையில் சறுக்கி விழுகிறது. அதன் நடுப்புள்ளி என்ன பாதையில் போகும்? நான் ஒட்டடைக்கம்பைச் சுவரில் சாய்த்து, கால்பக்கத்தை மெல்ல இழுத்தேன். அவள் கம்பின் நடுவில் விரலை வைத்துக்கொண்டு கூடவே இறங்கினாள். இரண்டாம் முறை செய்தபோது, "வட்டம்ப்பா. மூலையச் சுத்தி வட்டம்" என்றாள். மூலையிலிருந்து நடுப்புள்ளியின் தூரம் மாறவே மாறாது என்று அவள் சொன்னபோது, வாழ்க்கையில் முதன்முதலாக இயற்பியலில் ஒன்று எனக்குப் புரிந்தது. கணக்கு அதோடு முடியவில்லை. ஏணி கடைசிவரை சுவரை உரசிக்கொண்டே வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வராதாம். உச்சி தன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் சுவரை விட்டு விலகிவிடுமாம். இரண்டு நாள் அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு திரிந்து, காலையில் நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது வந்து விடையைச் சொன்னாள். அந்த மாதங்கள் துக்கமான மாதங்கள்தான். ஆனால் அவற்றை நினைக்கும்போது அவள் சிரித்த முகம்தான் முதலில் வருகிறது.

நடுவில் தி.நகரில் பனகல் பூங்கா பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துப் பார்த்தோம். நல்ல ஆசிரியர், அக்கறையாக நடத்துவார் என்றார்கள். அப்படித்தான் இருந்தார். ஆனால் அவர் பலகையில் எழுதிக்கொண்டே பேசுகிறவர். சில வாரங்களில் அவளே நின்றுவிட்டாள். "சார் 'இது அங்க போகும், அது இங்க வரும்'னே சொல்றாருப்பா. எது, எங்கன்னு நான் எத்தன தடவ கேக்குறது?" என்றாள்.

பன்னிரண்டாம் வகுப்பின் நவம்பரில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் போட்டித் தேர்வு நடந்தது. அவளுக்கு வாசித்து, அவள் சொல்வதை எழுத ஓர் ஆள் கொடுத்தார்கள். எழுதுகிறவர் தேர்வு எழுதுபவரைவிடக் கீழ் வகுப்பில் இருக்க வேண்டும் என்று விதி. அதனால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். பயந்த சுபாவம், நல்ல பெண். பூசை முடித்து நேரே வந்திருந்த என் மனைவி அவளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து, "அக்காவுக்கு நிதானமா வாசிச்சுக் காட்டும்மா" என்றார். நான் உள்ளே போகலாமா என்று கேட்டேன். உறவினர் கூடாது என்றார்கள். அதுவும் நியாயமான விதிதான்.

முடிந்து வெளியே வந்தவள் குடையை விரிக்கக்கூட இல்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"அந்தப் பாப்பாவுக்கு உராய்வுக் குறிக்கும் வேகக் குறிக்கும் வித்தியாசம் தெரியலப்பா. உராய்வுக் குறி, யூ எழுத்துக்கு வால் வெச்ச மாதிரி இருக்கும்ல, ரெண்டையும் யூ, யூன்னே படிச்சா. ஒரே கணக்குல ரெண்டும் வருது. எனக்கு விடையே வரல."

"கேக்கலியா நீ?"

"பாதில புரிஞ்சிச்சு. அதுக்குள்ள நேரம் போயிடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "படம் வந்தா, 'ஒரு படம் இருக்குக்கா, கோடு கோடா இருக்கு'ன்னா. அதுக்கு மேல அவளுக்குச் சொல்லத் தெரியல. அழுற மாதிரி ஆயிட்டா. சரி விடும்மா, அடுத்தது படின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். கேள்வித்தாளைக் கையோடு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், அதை வாசிக்கச் சொன்னாள். வேண்டாமே என்றேன். "படிங்கப்பா, எனக்குத் தெரியணும்" என்றாள். நான் வாசித்தேன். ஒவ்வொரு படத்தையும் எங்கள் வழக்கப்படி சொன்னேன். எத்தனை பொருள், எது எதைத் தொடுகிறது, எது நகரும். அவள் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விடை சொல்லிக்கொண்டே போனாள். சிலவற்றுக்கு உடனே, சிலவற்றுக்குச் சற்று நேரமெடுத்து. அந்தி சாயும்வரை அப்படியே போயிற்று. ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் போட்டாள். சரியான விடைகள் பின்னர் வெளியானபோது ஒப்பிட்டுப் பார்த்தேன். அன்று முன்னறையில் அவள் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் அன்று மாலையே அது எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் தாளைக் கீழே வைத்தேன். கதவோரம் நின்றிருந்த மனைவி உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

அவள் தேறவில்லை. அடுத்த ஆண்டு எழுத அவள் பள்ளி மாணவியாக இருக்கப்போவதில்லை.

இயற்பியல் பட்டப்படிப்பாவது படிக்கட்டும் என்று கல்லூரிகளுக்கு அலைந்தோம். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மதிப்பெண்களைப் பார்த்துப் பாராட்டினார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேட்டார்கள். அளவுகோலில் அளவை யார் பார்த்துச் சொல்வது? மின்சாரத்தோடு வேலை செய்யும்போது பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? ஒரு துறைத் தலைவர், பொருளாதாரம் எடுத்தால் இங்கேயே இடம் தருகிறோம், வசதியாக இருக்கும் என்றார். மனைவி அங்கேயே வாதாடினார். மனு எழுதலாம், மேலே போகலாம், சட்டம் இருக்கிறது என்றார். மகள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். வெளியே மரத்தடியில் வந்து நின்றபோது சொன்னாள்.

"ஒவ்வொரு ரூமா போய், என்னால முடியும், என்னால முடியும்னு நான் சொல்லிட்டே இருக்கணுமாம்மா? எனக்கு அலுத்துப்போச்சு."

பொருளாதாரம் எடுத்தாள். நன்றாகவே படித்தாள். வங்கித் தேர்வுக்கான பாடங்கள் நங்கநல்லூர் சங்கத்தில் குரல் பதிவாகத் தயாராக இருந்தன. எழுதி, தேறி, இப்போது திருச்சியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள், சமைத்துக்கொள்கிறாள், மாதாமாதம் ரயிலேறி வருகிறாள். எங்களைப் பார்க்கிறவர்கள், பெண் நல்ல நிலைமைக்கு வந்துவிட்டாள் என்கிறார்கள். ஆமாம் என்கிறோம். அது பொய்யில்லை.

நாங்கள் பதிவு செய்த கணக்குகளை நான் ஒழுங்குபடுத்தி, குரல் தெளிவில்லாத இடங்களை மறுபடி வாசித்து, அந்தச் சங்கத்துக்குக் கொடுத்தேன். பொறுப்பாளர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். அவ்வப்போது போன் செய்து, யாராவது கேட்டு வந்தார்களா என்று விசாரிப்பேன். "இன்னும் இல்ல சார். வந்தா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்" என்பார். சில மாதங்களாக நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் வந்திருந்தபோது, பண்டிகைக்கு முந்தின நாள் மாலை இருவரும் நொச்சிக்குப்பம் பக்கம் நடந்து போனோம். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அலைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பணி ஓய்வு பெற்ற பிறகு நானாகவே சில கணக்குகளைப் படித்துப் பார்ப்பதுண்டு. போடத் தெரியாது, படிப்பேன். அப்படிப் படித்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மேசை விளிம்பில் ஒரு சங்கிலி, பாதி மேசைமேல், பாதி கீழே தொங்குகிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தேன். மொத்தம் இரண்டு பொருள். சங்கிலி மேசையைத் தொடுகிறது. மேசை நகராது.

அவள் மேற்கொண்டு நடந்தபடியே கேட்டாள். கொஞ்ச தூரம் போனதும் என் கையை லேசாக அழுத்தினாள்.

"போதும்ப்பா."

"கஷ்டமில்லம்மா, நீ போட்டுடுவ."

"அது இல்லப்பா. நீங்க சொல்றது காதுல விழுது. முன்ன நீங்க சொல்லச் சொல்ல உள்ள படம் வரும். இப்ப வரல. ரொம்ப நாளாவே வரல. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

நான் நின்றுவிட்டேன். அவளும் நின்றாள். எங்களைத் தாண்டி ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. அவள்தான் முதலில் நடக்க ஆரம்பித்தாள். சாலையோரம் மீன் விற்கும் அம்மா அவளைப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, ஊர்லேந்து வந்துக்கினியா? அம்மா வரலியா?" என்று கூப்பிட்டார். அவள் குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டு பக்கத்தில் போனாள். குனிந்து வஞ்சிரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். நல்ல மீன்தான், வாங்கலாம் என்றாள். பையை நான் வாங்கிக்கொண்டேன். வீடு வரைக்கும் அவள் திருச்சியில் மாற்றப்போகும் வாடகை வீட்டைப் பற்றியும், மாடிப்படியில் கைப்பிடி இல்லாததைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.